பன்னுக்கு நடுவே ஒரு பரீட்சை

பொறியியல் கல்லூரி எதிலாவது நீங்கள் கால் வைத்திருந்தால், கம்யூனிகேஷன் சார் என்ற இனத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரே விரைந்து வந்து கைகொடுத்திருப்பார். கொடுத்த கையை உடனே விட்டிருக்கவும் மாட்டார். உங்கள் பிடியில் தன்னம்பிக்கை எத்தனை சதவீதம், தயக்கம் எத்தனை சதவீதம் என்று உள்ளங்கையாலேயே எடைபோட்டு, கண்ணை நேராகப் பார்த்து, உங்கள் பெயரை உங்களிடமே இரண்டு முறை சொல்லிக் காட்டி, அதன் பிறகுதான் உங்கள் கை உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அப்படி யாரும் உங்களைப் பிடிக்கவில்லையா? அப்படியானால் அன்று கல்லூரிக்கு விடுமுறை.

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே வர வர, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பொறியியல் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் இந்த இனத்தில் ஒருவராவது உண்டு. எங்கள் கல்லூரி படாளத்தைத் தாண்டி, சாலையை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர்; மூன்று பக்கம் நெல்வயல், நான்காவது பக்கம் எங்கள் கல்லூரியின் விளம்பரப் பலகை. நான் அங்கே இயந்திரவியல் அளவை ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் கம்யூனிகேஷன் சாரின் பெயர் பரணிதரன். அவருக்கும் எனக்கும் ஊரப்பாக்கத்தில் வீடு என்பதால், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றேகால் மணி நேரம், கல்லூரிப் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. போதாததற்கு, அளவைக் கருவிகள் சூட்டில் விரிந்துவிடக் கூடாது என்று என் ஆய்வகத்தில் ஏசி வைத்திருக்கிறார்கள். அந்த ஏசி தமக்காக வைக்கப்பட்டது என்று பரணிதரன் நினைக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அலுவலகம் அங்கேதான். இந்த ஆராய்ச்சிக்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இனம் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. கியர்பெட்டியை அக்கக்காகக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் பூட்டும் பையன், அது ஏன் உடைந்தது என்று அரைப்பக்கம் எழுதச் சொன்னால், பேனாவை ஸ்பேனர் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். செய்யத் தெரிகிறது, சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசிரியர் தேவைதானே? தேவைதான். தேவை உள்ள இடத்தில் ஆள் வருவது இயல்பு. தேவை ஒன்றாகவும் வந்த ஆள் வேறாகவும் இருப்பதும் இயல்புதான்.

ஆளைப் பாருங்கள். மே மாதம், வெளியே தார் உருகுகிறது, பரணிதரன் முழுக்கைச் சட்டையும் ஊதாநிற டையுமாக நிற்கிறார். எதிரே இருபத்திரண்டு பேர், காலரில் மைக். கையில், சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவி. திரையில், ‘சுருக்கமாகப் பேசுவது எப்படி’ என்ற தலைப்பில் அறுபத்திரண்டு ஸ்லைடுகள். அதில் முதல் பத்து ஸ்லைடுகள் சுருக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு. நாற்பதாவது ஸ்லைடில் மணி அடித்துவிடும். மிச்சம் அடுத்த வாரம். அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு வரும்: பின்னால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், அதற்குப் பின்னால் சூரியன், இரண்டையும் மறைத்துக்கொண்டு மௌனத்தின் பெருமை பற்றிப் பதினெட்டு வரி.

காது கொடுத்துக் கேட்பதுதான் தகவல்தொடர்பின் முதல் பாடம் என்பார். எதிராளி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது என்பார். “சார், அதுல எனக்கு ஒரு டவுட்...” என்று ஒரு பெண் எழுந்தால், “நல்ல கேள்வி” என்று சொல்லி, அவள் கேட்கப் போவதாக அவர் நினைத்த கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார். அந்தப் பெண் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். உட்காரவும் முடியாது, சந்தேகமும் அதற்குள் மறந்திருக்கும்.

சுய அறிமுகம் என்று ஒரு சடங்கு உண்டு. இருபத்திரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தன் பலம் கடின உழைப்பு என்றும், தன் பலவீனம் அளவுக்கு மீறிய கடின உழைப்பு என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். அவர் தந்த மாதிரி அப்படி. ஒருமுறை பாலா என்ற பையன் தன் பலவீனம் காலையில் எழுந்திருக்க முடியாதது என்று உண்மையைச் சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. பரணிதரன் சிரிக்கவில்லை. அவனை அருகில் அழைத்து, தோளில் கைபோட்டு, “இதை நேர்மறையா சொல்லிப் பழகு தம்பி. உன் உற்பத்தித்திறன் மாலை நேரத்தில் உச்சம் தொடுதுன்னு சொல்லு” என்றார். பையன் இப்போது அப்படித்தான் சொல்கிறான். காலையில் இன்னும் எழுந்திருக்கவில்லை.

போன வருடம் கடப்பாக்கத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனார், ஆலம்பரைக் கோட்டைக்கு. வெளிக்களப் பயிற்சி. ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், கூட்டாளி சொற்களால் மட்டுமே வழிநடத்த வேண்டும். அவர் கற்றுத்தந்தபடி கூட்டாளிகள் வழிநடத்தினார்கள். “நண்பா, நீ மிக நன்றாக நடக்கிறாய். உன் இடப்பக்கத்தில் ஒரு வாய்ப்பு தெரிகிறது. அதை நீ பரிசீலிக்கலாம்...” கண்கட்டியவர்கள் வரிசையாகக் கழிமுகத்துப் பக்கம் பரிசீலித்துக்கொண்டே போனார்கள். படகில் உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கி, “தம்பி, சேறு கீது” என்றார். அத்தனை பேரும் நின்றார்கள். பரணிதரன் அதை ஒரு இடையூறாகக் குறித்துக்கொண்டார்.

இதே மனிதரைக் கேன்டீனில் பார்க்க வேண்டும். “ரெண்டு வடை. சட்னி வேணாம். சூடா இருந்தா மட்டும்.” இதைவிடச் சுத்தமான தொழில்முறைத் தகவல்தொடர்பை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. வேண்டுவது என்ன, வேண்டாதது என்ன, நிபந்தனை என்ன. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. வடை வந்துவிடுகிறது. ஆனால் வடைக்கு ஒரு மொழி, வாழ்க்கைக்கு ஒரு மொழி என்பது அவர் கட்சி.

வாழ்க்கைக்கான மொழியின் சூத்திரத்தை அவர் சாண்ட்விச் முறை என்பார். மேலே ஒரு மகிழ்ச்சியான செய்தி, கீழே ஒரு மகிழ்ச்சியான செய்தி, நடுவில் விஷயம். மாணவர்கள் சாண்ட்விச்சை அவ்வளவாகக் கண்டதில்லை; டீக்கடை பன் பட்டர் ஜாமைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அதன் பெயர் பன் பட்டர் ஜாம் ஆகிவிட்டது. கூடவே சுவரில் ஓர் அட்டை: பயன்படுத்தக் கூடாத சொற்கள். இல்லை, முடியாது, தாமதம், பிரச்சினை, ஆனால். இந்த ஐந்தையும் விலக்கிவிட்டு ஒரு பொறியாளர் தன் தொழிலைப் பற்றி என்ன பேச முடியும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை. அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

ஜாக்குலின் இறுதியாண்டு இயந்திரவியல். படாளத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவளுடைய அப்பா ஏசுபாதம், மறைமலை நகரில் ஒரு கிடங்கில் காவல் பார்க்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அந்த வீட்டில் மாதச் சம்பள உத்தரவு என்று ஒரு காகிதம் வந்தது இதுதான் முதல் தடவை. மறைமலை நகரிலேயே பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலை, வளாக நேர்காணலில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூன் ஐந்தாம் தேதி வந்து சேர வேண்டும். சேராவிட்டால் உத்தரவு தானாகவே செல்லாததாகிவிடும் என்று காகிதத்தின் அடியில் தெளிவாக எழுதியிருந்தது. ஏசுபாதம் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்.

அதற்குள் தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பூட்டி வைக்க எங்கள் கல்லூரியின் பெரிய கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். பரீட்சை நடக்க வேண்டிய மாடியில் துப்பாக்கிப் போலீஸ். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, பரீட்சையை நாங்களே நடத்திக்கொள்கிறோம். ஆகவே தள்ளியும் வைத்துக்கொண்டோம். கடைசி இரண்டு தாள்கள் ஜூன் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் போயின. பரீட்சைக்குப் போனால் வேலை போய்விடும். வேலைக்குப் போனால் பட்டம் போய்விடும். இரண்டையும் காப்பாற்றத் தேவை பதின்மூன்று நாள், அதைக் கேட்க ஒரு கடிதம்.

ஜாக்குலின் கடிதம் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் தருகிறேன். “மதிப்பிற்குரிய மேடம், என்னை ஜூன் 5 அன்று சேரச் சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரியில் இரண்டு பரீட்சைகள் தள்ளிப்போய், ஜூன் 12, 16 தேதிகளில் நடக்கின்றன. ஜூன் 18 அன்று சேர அனுமதி வேண்டுகிறேன். நன்றி.” எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆகியிருக்கும். உடனே அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அனுப்ப முடியாது. எங்கள் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் ஒரு விதி: நிறுவனங்களுக்கு மாணவர் எழுதும் எந்த மின்னஞ்சலும் கம்யூனிகேஷன் சார் பார்த்துத் திருத்தி ஒப்புதல் கொடுத்த பிறகே போக வேண்டும். போனில் பேசுவது அறவே கூடாது. விதிக்குக் காரணம் இல்லாமலில்லை. முன்னொரு வருடம் ஒரு பையன் ஒரு நிறுவனத்தின் மனிதவள அதிகாரிக்கு, “ஹாய், என்ன ஆச்சு?” என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தான்.

ஆகவே மே மாதம் பதினைந்தாம் தேதி மதியம், ஜாக்குலின் தன் மூன்று வரியோடு என் ஆய்வகத்துக்கு வந்தாள். பரணிதரன் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, லெட்டரா, மருந்துக் கடைச் சீட்டா?”

“லெட்டர்தான் சார்.”

“எடுத்த எடுப்புல தேதி. நடுவுல தேதி. முடிக்கும்போதும் தேதி. இதுல நீ எங்கம்மா இருக்கே? உன் ஆர்வம் எங்கே?”

“ஆர்வம் வேலையில சேர்ந்து காட்டிக்கிறேன் சார். இப்ப டேட்டு மட்டும் மாறினா போதும்.”

“அங்கதான் நீங்கள்லாம் தப்பு பண்றீங்க. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். அவர் எழுதினார், அடித்தார், எழுந்து நடந்தார், கையை வீசிப் படித்துக் காட்டினார். முடிவில் மூன்று வரி ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. முதல் பத்தியில், இப்படி ஒரு முன்னோடி நிறுவனத்தில் காலடி வைக்கும் நாளை எண்ணி அவள் மனம் துள்ளியது. இரண்டாம் பத்தியில், பம்பு என்பது வெறும் இயந்திரமல்ல, நாகரிகத்தின் இதயம் என்று தெரியவந்தது. மூன்றாம் பத்தியின் நான்காவது வரியில் விஷயம் வந்தது. அதை மட்டும் முழுதாகத் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்: “எமது கல்வி நிறுவனத்தின் மதிப்பீட்டு அட்டவணை ஜூன் மாதத்தின் நடுப்பகுதியை நோக்கி வளமாக விரிவடைந்திருக்கும் இவ்வேளையில், சேரும் தேதி குறித்த தங்களின் நெகிழ்வான அணுகுமுறை என் ஈடுபாட்டுக்கு மேலும் உரமூட்டும்.” நான்காம் பத்தியில் அவள் முதல் நாளிலிருந்தே பங்களிக்கத் துடித்தாள். ஐந்தாம் பத்தியில், எப்போது அழைத்தாலும் வரத் தயார் என்று முடித்தாள்.

“சார், இதுல பதினெட்டாம் தேதியே இல்லியே” என்றாள்.

“போட்டா டிமாண்ட் மாதிரி ஆயிடும். அவங்களே கேப்பாங்க, ‘எப்பம்மா வர்றே’ன்னு. கேக்க வைக்கிறதுதாம்மா கலை.”

“பரீட்சைன்னும் இல்லியே சார்.”

“மதிப்பீடுன்னு இருக்கு பாரு.”

ஜாக்குலின் என்னைப் பார்த்தாள். நான் ஒரு மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஒரு வரி நான் சொல்லியிருக்கலாம். சக ஆசிரியர், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருபவர், மனம் நோகுமே என்று இன்னும் கொஞ்சம் துடைத்தேன். கடிதம் போனது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் பிரதீபா, அந்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி. அவரும் எந்தக் கல்லூரியிலோ எந்தப் பரணிதரனிடமோ படித்து வந்தவர்தான் போலும். முதல் பத்தியில் ஜாக்குலினின் ஆர்வம் அவர்களை நெகிழ வைத்திருந்தது. கடைசிப் பத்தியில் அவளுடைய ஆர்வம் மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆகியிருந்தது. நடுவே விஷயத்தைத் தேடி மூன்று தலைகள் ஒரு திரையின் மேல் குனிந்தன. ஜாக்குலின்தான் முதலில் கண்டுபிடித்தாள். எப்போது அழைத்தாலும் வரத் தயார் என்ற அவளுடைய உறுதியை மதித்து, சிறப்புச் சலுகையாக, சேரும் தேதி ஜூன் ஐந்திலிருந்து ஜூன் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது.

“பாத்தியா” என்றார் பரணிதரன். “நெகிழ்ந்துட்டாங்க.”

“முன்பக்கமா நெகிழ்ந்துட்டாங்க சார்.”

அவர் டையை நிமிர்த்திக்கொண்டார். பிறகு உற்சாகமானார். நன்றியுணர்வு கலந்த மென்மையான தெளிவுபடுத்தல் என்று ஒரு வகைக் கடிதம் இருப்பதாகவும், அதற்குப் பன் இரண்டு போதாது, நான்கு வேண்டும் என்றும் சொன்னார். முதல் வரைவு அன்று மாலையே தயாரானது.

பேருந்தில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டு வந்தது ஓட்டுநர் செங்கல்வராயன் காதில் விழுந்திருக்கிறது. பதினைந்து வருடமாக எங்களை ஓட்டுபவர். கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே சாலையையும் பார்க்கக் கூடியவர்.

“இன்னா சார் இது பேஜாரு. எனக்கு நாளிக்கு லீவு வோணும்னா, மேனேஜர் கதவாண்ட நின்னுகினு, நாளிக்கு லீவு சார்னு கேப்பேன். முடியாது போய்யாம்பாரு. அத்தோட முடிஞ்சுது.”

“அதான் அண்ணாத்த சொல்றேன்” என்றார் பரணிதரன். “நேரா கேட்டீங்க, மறுத்துட்டாரு.”

“மறுத்துட்டாருன்னு எனக்குத் தெரியுது இல்ல சார்.”

பரணிதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கல்பட்டு ஏரி வந்ததும், மைக் இல்லாத குரலில், என்னிடம் சொன்னார். அவரும் பொறியாளர்தானாம். இருபத்து மூன்று வயதில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து நான்கு மாதம். பிரஸ் இயந்திரத்தில் கையைக் காக்கும் தடுப்பு உடைந்திருந்தது. மேலாளருக்கு ஒரே வரி எழுதினார்: தடுப்பு உடைந்திருக்கிறது, சரிசெய்யும்வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது. மறுநாள் தடுப்பைச் சரிசெய்தார்கள். மாதக் கடைசியில் அவரை வரவேண்டாம் என்றார்கள்.

“எழுதினது சரிதான்னாங்க சார். எழுதின விதம் சரியில்லைன்னாங்க.”

ஒரு வரியில் ஒரு வேலையைத் தொலைத்தவர், இனி எந்தப் பிள்ளையும் ஒரு வரி எழுதாமல் பார்த்துக்கொள்கிறார். கேலி செய்யலாம் என்று உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் இடைஞ்சல்.

மென்மையான தெளிவுபடுத்தல் வளர்ந்துகொண்டே போனது. இரண்டாம் வரைவில் நன்றி போதவில்லை. மூன்றாம் வரைவில் நன்றி கூடி, தெளிவு போதவில்லை. நான்காவதில் ‘தள்ளி’ என்ற சொல் எட்டிப்பார்த்தது; எதிர்மறை என்று நீக்கப்பட்டது. ஐந்தாவதில் பம்பு மறுபடியும் நாகரிகத்தின் இதயம் ஆனது. மே இருபத்தொன்பதாம் தேதி மாலை ஆறாவது வரைவு மேஜைமேல் இருந்தது. ஜூன் ஒன்றுக்கு இடையில் இரண்டே நாள்.

முப்பதாம் தேதி மதியம் ஜாக்குலின் வந்தாள். பரணிதரன் இல்லை, முதலாமாண்டுக்காரர்களுக்கு ‘துணிவாக எடுத்துச் சொல்லுதல்’ என்ற பயிலரங்கம் நடத்திக்கொண்டிருந்தார். அவள் கைபேசியைக் கையில் எடுத்தாள்.

“சார், ரூல்படி கம்பெனிக்கு கால் பண்ணக் கூடாது. நான் பண்ணப் போறேன். நீங்க இருக்கீங்களா, வெளிய போறீங்களா?”

இதைவிடத் தெளிவாக என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. இருக்கிறேன் என்றேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். நான்கு மணிக்குப் பிறகு எடுத்தார் பிரதீபா. மன்னிக்கவும், நான்காவது மணி ஒலிக்குப் பிறகு. இருந்த பதற்றத்தில் எனக்கு அது நான்கு மணி நேரமாகத் தோன்றியது.

“மேடம், நான் ஜாக்குலின். புது டிரெய்னி பேட்ச். ஜூன் பன்னெண்டு, பதினாறு ரெண்டு நாளும் எனக்குப் பரீட்சை. எழுதலைன்னா டிகிரி வராது. பதினெட்டாம் தேதி வந்து சேரலாமா மேடம்?”

“பரீட்சையா? சரி, பதினெட்டு வா. இதை மெயில்லயே போட்டிருக்கலாமேம்மா.”

“போட்டேன் மேடம்.”

“எங்க போட்டே? எனக்கு வந்ததுல இல்லியே.”

“மூணாவது பாராவுல நாலாவது லைன் மேடம்.”

அந்தப் பக்கம் தட்டில் கரண்டி படும் சத்தம் நின்றது. தேடுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, “மதிப்பீட்டு அட்டவணை... வளமாக... இதுவா?”

“அதான் மேடம்.”

“நான் இதை உங்க காலேஜ் விளம்பரம்னு நெனைச்சேன்மா.” ஒரு சின்னச் சிரிப்பு. “உண்மையைச் சொன்னா, முதல் பாராவும் கடைசிப் பாராவும்தான் படிச்சேன். ஒரு நாளைக்கு நூறு வருது. நடுவுல யார் படிப்பா? ரெக்கார்டுக்கு ஒரு மெயில் போட்டுடு. சின்னதா.”

சின்னதாகத்தான் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. மே பதினைந்தாம் தேதி எழுதியது. ஐந்தை ஒன்று என்று மாற்றினாள், யாருடைய ஒப்புதலும் இல்லாமல் அனுப்பினாள். ஆறு நிமிடத்தில் பதில்: “சரி. 18.”

பயிலரங்கம் முடிந்து பரணிதரன் வேர்த்து வந்தபோது அவள் அங்கேயே நின்றிருந்தாள். ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை.

“சார், உங்க அப்ரூவல் இல்லாம கால் பண்ணி, மெயிலும் அனுப்பிட்டேன். பதினெட்டு ஓகே ஆயிடுச்சு.”

அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “கோவப்பட்டாங்களா?”

“இல்ல சார்.”

“குரல் எப்படி இருந்தது?”

“சாப்பிட்டுகினே பேசினாங்க சார்.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். மின்னஞ்சலைக் காட்டச் சொன்னார். மூன்று வரியை இரண்டு முறை படித்தார். “சரி. 18.” என்பதை மூன்று முறை படித்தார். ஒரு வரி எழுதியதற்காக யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பாத ஓர் உலகம் இருக்கக் கூடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைத்தேன். “நல்லா எழுதியிருக்கேம்மா” என்றார். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் பாராட்டு. மனிதர் மாறிவிட்டார் என்று முடிவு கட்டி, இந்தச் சித்திரத்தையே எழுத வேண்டாம் என்றுகூட எண்ணினேன்.

ஜாக்குலின் இரண்டு பரீட்சையும் எழுதினாள். பதினெட்டாம் தேதி காலை, இரும்பு முனைக் காலணியோடு வேலையில் சேர்ந்தாள். ஜூலையில் அடுத்த இறுதியாண்டுக்கு வகுப்பு ஆரம்பித்தது. பரணிதரனின் புதிய பாடத்தை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். தலைப்பு ‘மூன்று வரியின் சக்தி: ஒரு வெற்றிக் கதை’. ஜாக்குலினின் கடிதம் ஐம்பத்தேழாவது ஸ்லைடில் வருகிறதாம். வருகிறதாம் என்கிறேன், மணி அடித்தபோது முப்பத்தாறில் இருந்தோம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ‘நான் பரணிதரன் இல்லை, என் பேச்சு வெட்டொன்று துண்டு இரண்டு’ என்று நினைக்கிறீர்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டு நேரே இங்கே இறங்கி வந்திருக்கிறீர்கள் என்றால், ஆமாம், நீங்கள் அவர் இல்லை, நீங்கள் பிரதீபா. முழுக்கப் படித்தவர்கள் மட்டும் கைபேசியை எடுங்கள். யாரிடமோ ஒன்று சொல்ல வேண்டும் என்று பாதி அடித்து, அனுப்பாமல் வைத்திருக்கிற செய்தி ஒன்று அதில் இருக்கும். இருக்கிறதா? ‘வணக்கம், நலமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா’ வரைக்கும் வந்திருப்பீர்கள். மனம் நோகுமே என்று நிறுத்தியிருப்பீர்கள். நாளைக்கு இன்னும் நயமாக எழுதலாம் என்றிருப்பீர்கள். எழுதுங்கள், அவசரமில்லை. அந்தப் பக்கத்து ஆசாமி உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் போக முடியாத தேதியில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, பெயரும் எழுதி வைத்தாயிற்று.